நான் போடாத காற்புள்ளி

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் என்னைக் கிண்டல் செய்திருந்தீர்கள். "டீச்சர் வேலைய விட்டு நாலு வருசமாச்சு. இன்னும் போன்லகூட காற்புள்ளி, முற்றுப்புள்ளின்னு தேடித் தேடிப் போடுறீங்களே, யாரு மார்க் போடப் போறாங்க?" நான் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நாமெல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டோம். பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் லயத்து எதிர்க் காம்பரா வீட்டு அத்தையும் இந்தத் தையில் போய்விட்டார். இனி மறைப்பதற்கு ஆளில்லை. ஏன் போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடத்து வைகாசி மழையை மறந்திருக்க மாட்டீர்கள். றக்வானைக்கு மேலே நம் தோட்டத்தில் பதினோரு நாள் வெயிலே இல்லை. தகரக் கூரையில் விழுந்த மழையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. உலராத துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடமே புகை மணக்கும். கணுக்காலில் அட்டை கடிக்காமலிருக்கப் பூசிய சவர்க்காரம் பெஞ்சுக்கடியில் நுரைத்துக் கிடக்கும்.

அந்த வாரம்தான் நம் வாத்தியார் சேர் நமக்கு நிறுத்தற்குறிகள் சொல்லிக் கொடுத்தார். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய மனிதர். கரும்பலகையில் அவர் எழுதியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது: ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்களை அடுக்கும்போது காற்புள்ளி. ஒருவரை விளித்து எழுதும்போது, விளிச்சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி. நான் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

எனக்குக் காற்புள்ளி மேல் ஆசை வந்துவிட்டது. முற்றுப்புள்ளியைப் போல் கதவைச் சாத்தாமல், வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிற குறி. 'மழை நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது மூச்சு விடுகிற இடமெல்லாம் ஒன்று போட்டேன். மறுநாள் சேர் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரு விக்கல் விக்கி, "மழை, விக், பெய்தது, விக், நான், விக்" என்று கடைசிவரை வாசித்தார். நீங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். குற்றம் சொல்லவில்லை. வேறு யாருடைய கட்டுரையாக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன்.

"மொளகா வெத தூவுற மாதிரி தூவி வச்சிருக்கே. வேண்டாத எடத்துல ஒன்னு போட்டாலும் பிழைதான். தெரியலேன்னா போடாம வுடு" என்றார் சேர்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போதே, இனி என் வாழ்நாளில் அந்தக் குறியைப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பதினோரு வயதுப் பிள்ளையின் ரோசம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு எதிரே இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அத்தை இருந்தார். இரத்த உறவு இல்லை, கூப்பிட்டுப் பழகியது. அவருக்கு ஒரே மகள், ஏழு வயது. அவளைச் சின்னவள் என்போம். அத்தையின் கூடப் பிறந்த அக்கா ரம்புக்கனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அங்கே பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், தன் மகளை இங்கே தங்கை வீட்டில் விட்டிருந்தார். அந்த மகள்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி. அக்கா தங்கை இருவருமே இரண்டு பிள்ளைகளையும் 'மக' என்றுதான் சொல்வார்கள். நம் எல்லோர் வீட்டிலும் அப்படித்தானே.

மழையின் நடுவில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சிவப்பு மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் திங்கட்கிழமை வலிப்பு வந்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தோட்டத்து லொறி இரண்டு மைல் போய் நின்றுவிட்டது. பாதையை மண்சரிவு மூடிக்கிடந்தது. அத்தையின் புருசன், எங்கள் மாமா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தார். செவ்வாய்க்கிழமை விடிந்து வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். பிள்ளை அவர் தோளில் கிடந்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புதன்கிழமை மழையோடு மழையாக அடக்கம் செய்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, அத்தையின் அக்காவுக்குக் கார்டு எழுத வேண்டும் என்றார். தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தன. தபால் மூட்டையை மட்டும் ஆட்கள் தலையில் வைத்துச் சரிவைக் கடந்து கொண்டுபோகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். லயத்தில் யாருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

அத்தை சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என் தோழி மூலையில் சின்னவளின் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்புக்கரியை நசுக்கித் தபாலட்டையின் நாலு மூலையிலும் பூசிக் கொடுத்தார்.

"துக்கக் கடுதாசியில அன்புள்ளன்னு போடக்கூடாது. நலமான்னும் கேக்கக்கூடாது. விசயத்த மட்டும் எழுது" என்றார்.

அத்தை வாயைத் திறந்தார். "அக்கா" என்றார். வெகுநேரம் நிறுத்தினார். "மக தவறிட்டா. பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு. பாதை தொறந்ததும் வரச்சொல்லு."

"பேரு எழுதவா அத்தை?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பேரு வேணாம். என் வாயால சொல்ல முடியாது. அவளுக்குத் தெரியும்."

'அக்கா' என்று எழுதினேன். பேனை நின்றது. இங்கே ஒரு காற்புள்ளி வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள எத்தனையோ வருடம் முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை. விளிச்சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி. அத்தை நிறுத்திய இடமும் அதுதான். ஆனால் காதில் அந்த விக்கல் கேட்டது. இந்தக் கார்டையும் யாரோ வாசிப்பார்கள், யாரோ சிரிப்பார்கள் என்று தோன்றியது. பேனையை அந்த இடத்தைத் தாண்டி நகர்த்தினேன்.

'அக்கா மகள் தவறிவிட்டாள் பாதையில் மண்சரிவு பாதை திறந்ததும் வரவும் இப்படிக்குத் தங்கை.'

ஒரு குறிகூட இல்லை. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் மழை விட்டிருந்தது. அன்று பள்ளிக்கூடம் இல்லை. உங்களில் நாலைந்து பேர் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றீர்கள். கோயில் திருப்பத்திலேயே ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அத்தையின் அக்கா தலைவிரி கோலமாக வந்துகொண்டிருந்தார். கூடவே அவர் புருசன், முழங்கால்வரை சேறு. சரிவை நடந்தே கடந்து வந்திருந்தார்கள். ரொட்டிக் கூடையோடு வந்த சிங்கள அம்மா ஒருத்தி பாதையோரம் ஒதுங்கி நின்று, "அனே, பவ்" என்று பாவப்பட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எம் மகளே, எம் மகளே" என்றுதான் அவர் அழுதார். தங்கை பிள்ளைக்காக இப்படி அழுகிறாரே என்று லயமே கண் கலங்கியது.

அப்போது என் தோழி பீலிப் பக்கமிருந்து தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவர் அழுகை அறுந்தாற்போல நின்றது. பார்த்தார். ஓடிவந்து அவளைப் பிடித்தார். வாளி கவிழ்ந்தது. முகத்தைத் தடவினார், கையைத் தடவினார், கவுனைத் தூக்கிக் காலைத் தடவினார். பிறகு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வயிற்றின் அடியிலிருந்து வந்து, நிறுத்த முடியாமல் வந்து, கண்ணீரும் எச்சிலுமாக. "நீ இருக்கியா சாமி. எம் புள்ள சாகல. ஆத்தா, மாரியாத்தா, எம் புள்ள சாகல."

அத்தை வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

"செத்த வீட்டு வாசல்ல நின்னு சிரிக்கிறியா அக்கா" என்றார். சத்தம் போடவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, இறங்கவில்லை. "அப்ப யாரு போனது?" என்று கேட்டார்.

"யாருன்னு தெரியாமத்தான் வந்தியா?"

"கார்டுல அக்கா மகள்னுதானே போட்டிருந்துச்சு. எங்க தோட்டத்துப் பூசாரி வாசிச்சாரு. எம் மகள்னு, எம் புள்ளதான்னு."

"கார்ட எங்க?"

"கிழிச்சுப் போட்டோம். துக்கக் கார்ட யாரு வூட்ல வச்சிருப்பா?"

அத்தை என்னைத் தேடினார். நான் எங்கள் வாசல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "நீ என்னா எழுதின, சொல்லு."

நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன். "நீங்க சொன்னதத்தான் எழுதினேன் அத்தை. அக்கா," என்று நிறுத்தினேன். "மகள் தவறிவிட்டாள்."

ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. எழுதாத காற்புள்ளியை வாயால் போட்டேன், அவ்வளவுதான். லயத்தில் எல்லோருக்கும் அது தெளிவாகக் கேட்டது. பூசாரி சாராயத்தில் வாசித்திருப்பான் என்று ஒருவர் சொன்னார். தங்கச்சி புள்ள போனதுல அவளுக்கு உள்ளுக்குள்ள சந்தோசம், அதை மறைக்கக் கதை சொல்றா என்று இன்னொருவர். என் அம்மாகூட அப்படித்தான் சொன்னார்.

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா அந்தக் கதவடியில் கொஞ்ச நேரம் நின்றார். தட்டவில்லை. இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எதையோ கண்டு பயந்தவர் போல இருந்தார். துக்கம் கேட்கவில்லை, புதைத்த இடத்தைப் பார்க்கவில்லை, எப்போது எப்படி என்று யாரையும் விசாரிக்கவில்லை. ஈரக் கவுனோடு மகளை இழுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். என் தோழியின் புத்தகப் பை அத்தை வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நாம் செய்தது நினைவிருக்கிறதா? 'செத்த வீட்டுல சிரிச்ச பொம்பள' என்று ஒரு விளையாட்டு. ஒருத்தி படுத்துக்கொள்ள வேண்டும், ஒருத்தி அழுதுகொண்டே வந்து திடீரென்று சிரிக்க வேண்டும். நானும் விளையாடினேன். படுப்பது எப்போதும் நான்தான். சிரிக்கிற பங்கு எனக்கு வரவில்லை.

அடுத்த வருடம் அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகிற பத்திரம் வந்துவிட்டது. தலைமன்னார்க் கப்பலுக்கு வழியனுப்ப அத்தை போகவில்லை. அங்கே கோத்தகிரியிலிருந்து மூன்று கடிதம் வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது அத்தை என்னைக் கூப்பிட்டார், வாசிப்பதற்கு அல்ல. "அவ கைப்பட்டத நான் தொட மாட்டேன். நீயே அடுப்புல போடு" என்றார். உறையைப் பிரிக்காமல் நானே போட்டேன். நீல உறை முதலில் சுருண்டு, பிறகு எரியும். எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்டில் என்ன இருந்தது என்று அதற்குள் எழுதியிருப்பார்களோ என்ற பயம் ஒவ்வொரு தடவையும் சாம்பலானது.

நான் படித்து டீச்சரானேன், இரத்தினபுரியில் வீடு கட்டினேன், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நிறுத்தற்குறிகள் பாடம் நடத்தினேன். விளிச்சொல் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தச் சிரிப்புக் கேட்கும். பிள்ளைகள்தான் சிரிக்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பேன். குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஒருநாள் பின் இருக்கையில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தபோது, என் ஊர் வருமுன்பே இறங்கிவிட்டேன். ஒரு காற்புள்ளி விட்டதற்காக எந்தப் பிள்ளையையும் நான் அடித்ததில்லை. அதிகமாகப் போட்டதற்காகக் கிண்டல் செய்ததும் இல்லை.

போன வருடம் சித்திரையில் அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து வயது. மாமா போய் வெகுகாலம். அதே காம்பராவில் தனியாக இருந்தார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்டது. தேங்காய் ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன். கார்டில் நான் எழுதியதையும், வாசலில் நான் சொன்னதையும்.

அத்தை என் குவளையை வாங்கிக் கீழே வைத்தார். திட்டுவார் என்று இருந்தேன். போ என்று சொன்னாலும் போயிருப்பேன்.

"அப்ப அவ வந்த வழியெல்லாம் அவ புள்ளைக்குத்தான் அழுதுக்கிட்டு வந்திருக்கா" என்றார் கடைசியில். பிறகு, "கார்டு கெடச்சு இங்க வாற வரைக்கும் அவ பக்கத்துல யாரு இருந்தா?"

"தெரியாதே அத்தை."

"கேட்டு வந்து சொல்லு."

அப்போதுதான் உங்களில் கோத்தகிரியில் இருப்பவரிடம் என் தோழியின் எண்ணைத் தேடித் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் தேடிக் கொடுத்தீர்கள். இதுதான் அந்த ஏன்.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். முதலில் யாரென்று அவளுக்குப் பிடிபடவில்லை. சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா போயி பதினாறு வருசமாச்சு" என்றாள். "அந்தக் கார்டு சனிக்கெழம மத்தியானம் வந்துச்சாம். அப்பாவுக்கு லீவு கெடைக்கல, பஸ்ஸும் இல்ல. மூணு நாளும் அம்மா சோறு தண்ணியில்லாம கெடந்துச்சாம். பக்கத்துல போனவங்களையெல்லாம் கடிச்சுத் தொரத்தியிருக்கு. நடுவாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்தி, எம் புள்ளயப் பாத்துக்கத் துப்பில்லாத உனக்கு எதுக்குடி புள்ள, உம் புள்ளயும் போகட்டும்னு சின்னம்மாவச் சபிச்சிருக்கு. அப்புறம் அங்க வந்து பாத்தா நான் நிக்கிறேன், சின்னவ இல்ல."

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"மாரியாத்தா மாத்தி எடுத்துக்கிட்டா, என் வாயாலதான் அது போச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லிச்சு. அதான் அங்க நிக்கப் பயந்து ஓடியாந்துருச்சு. இங்க வந்து எல்லாத்தையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு மூணு கடுதாசி போட்டுச்சு. சின்னம்மா ஒன்னுக்கும் பதில் போடல. மன்னிக்கலேன்னு நெனச்சுக்கிட்டே போயிருச்சு."

அந்த மூன்றையும் அடுப்பில் போட்டது யாரென்று அவளிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அத்தையிடம் திரும்பிப் போக எனக்கு ஒரு மாதம் எடுத்தது. அக்கா பக்கத்தில் யாருமில்லாமல் இருந்தார் என்று மட்டும் சொல்லி, சாபத்தை விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். எண்பத்தைந்து வயது மனுசிக்கு இது வேண்டுமா? ஆனால் நல்லதுக்கென்று இன்னொரு தடவை ஒன்றை விட்டுவிட எனக்குத் துணிவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை கேட்டுக்கொண்டே வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். திரும்ப நீட்டினார். மறுபடியும் மடக்கினார்.

"கார்டு சனிக்கெழமதான் கெடச்சுச்சுன்னு நல்லா சொன்னாளா?"

"சொன்னா அத்தை."

"அந்தப் புள்ளைக்குப் போனப் போடு."

போட்டேன். மூன்றாம் தடவை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டி அத்தையின் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், திருப்பி வைத்தேன். என்னை அவர் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு நான் போன நாட்களிலும் அந்த விசயமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் சின்னம்மா பேசுறேன்" என்றார் அத்தை. "நல்லா கேட்டுக்க. செவ்வாக்கெழம விடியக்காலையில எம் புள்ள போயிட்டா. புதன்கெழம பொதச்சோம். வியாழக்கெழம கார்டு எழுதினோம். சனிக்கெழம உங்கம்மா கையில கெடச்சிருக்கு. அவ வாயத் தொறந்தப்ப எம் புள்ள மண்ணுக்குள்ள போயி மூணு நாளாச்சு. அவ சாபத்துக்கும் எம் புள்ளைக்கும் சம்பந்தம் இல்ல. இந்தக் கணக்க அவளுக்கு எண்ணிச் சொல்ல ஒருத்தரும் இல்லாமப் போயிட்டாங்களே."

அந்தப் பக்கமிருந்து அழுகிற சத்தம் வந்தது.

"அழுவாத" என்றார் அத்தை. "உங்கம்மாவுக்குத் தெவசம் குடுக்கையில சொல்லு. மறந்துராத. திரும்பச் சொல்றேன் கேளு. செவ்வாக்கெழம விடியக்காலையில."